முட்டி ஆபரேஷனுக்குப் பின் தொடைக்குக் கரண்ட் வைத்து வலுவேற்றுவது: வீட்டில் செய்ய முழு வழிகாட்டி

முட்டியில் லிகமென்ட் ஆபரேஷனோ மூட்டு மாற்று ஆபரேஷனோ முடிந்தவரிடம் ஃபிசியோ முதலில் சொல்வது "தொடையை இறுக்குங்க" என்பதுதான். பலரால் முடியாது. மூட்டுக்குள் வீக்கம் இருக்கும்வரை அங்கிருந்து கிளம்பும் நரம்புச் செய்திகள், தொடைத் தசைக்குப் போகும் உத்தரவைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்திவிடுகின்றன. தசை கெட்டுப்போகவில்லை. உத்தரவு முழுசாக வந்து சேரவில்லை. அந்த நாட்களில்தான் தொடை கண்ணெதிரே மெலிகிறது.

தோலில் ஒட்டும் பேட் வழியாக ஒரு சின்ன மெஷின் தரும் கரண்ட் அந்தத் தடையைத் தாண்டி, தசைக்குள் நுழையும் நரம்பை நேரடியாகத் தூண்டி இறுகவைக்கிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தசை எவ்வளவு பலமாக இறுகுகிறதோ, அவ்வளவுக்குத்தான் பலன். எத்தனை நிமிடம் வைத்தோம் என்பது கணக்கே இல்லை. தோலில் குறுகுறுப்பு வந்ததும் அதோடு நிறுத்திவிட்டு அரைமணி நேரம் டிவி பார்ப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். மாதக்கணக்கில் அப்படி உட்கார்ந்தாலும் தொடை வலுக்காது.

கீழே உள்ளவற்றை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. உங்களுக்கு வைக்கலாமா என்று முதலில் பாருங்கள்

இதயத்தில் பேஸ்மேக்கரோ ஷாக் கொடுக்கும் கருவியோ இருந்தால் வேண்டாம். வெளியிலிருந்து போகும் கரண்டை அந்தக் கருவி இதயத் துடிப்பென்று தவறாக எடுத்துக்கொள்ளலாம்.

காலில் ரத்தக்கட்டி இருப்பதாகச் சந்தேகம் இருந்தாலும் வேண்டாம். முட்டி ஆபரேஷனுக்குப் பின் கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் மெஷினை எடுக்காதீர்கள், அன்றே டாக்டரைப் பாருங்கள். தசையை வேகமாகப் பிழிவது கட்டியைப் பெயர்த்துவிடும் ஆபத்து உண்டு.

கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள், தொடைப் பகுதியில் புற்றுநோய்க் கட்டி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ஆறாத புண், சீழ், பிரிந்த தையல் ஆகியவற்றின் மேல் பேட் ஒட்டவே கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் ஒருவரைத் தொடையில் பஞ்சாலும் பேனா முனையாலும் மாற்றி மாற்றித் தொடச் சொல்லுங்கள். எது பஞ்சு, எது பேனா என்று சொல்ல முடியாவிட்டால் அந்த இடத்தில் வைக்காதீர்கள். தோல் சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

உள்ளே ஸ்க்ரூவோ உலோக மூட்டோ இருக்கிறதே என்று பயப்படுகிறவர்கள் நிறைய. இந்த வகை மெஷினில் கரண்ட் இரு திசையிலும் சமமாகப் போய் வரும். அதனால் உலோகம் தடையில்லை. மூட்டு மாற்றியவர்களுக்கு வழக்கமாகவே வைக்கிறோம்.

இன்னொன்று. விபத்தில் நரம்பே அறுந்துபோன தசைக்கு இந்த முறை பயன்படாது. இங்கே தூண்டப்படுவது நரம்பு. அந்த நரம்பே இல்லாதபோது மெஷின் விட்டுவிட்டு அனுப்பும் இவ்வளவு குறுகிய கரண்ட் துடிப்புக்குத் தசை அசையாது. அதற்கான சிகிச்சை வேறு.

2. கையில் இருப்பது சரியான மெஷினா?

கடையில் ஒன்றுபோலவே தெரியும் இரண்டு வகை உண்டு. டென்ஸ் என்பது வலியைக் குறைப்பதற்கு. அது தோலில் உணர்ச்சி நரம்புகளைத் தூண்டுவதோடு நின்றுவிடும். உங்களுக்கு வேண்டியது தசையைத் தூண்டி இறுக்கும் வகை; என்.எம்.இ.எஸ் அல்லது இ.எம்.எஸ் என்று போட்டிருக்கும். இரண்டும் சேர்ந்த மெஷின்களும் கிடைக்கின்றன.

வாங்கும் முன் பெட்டியின் மேல் மூன்று விவரம் தேடுங்கள். துடிப்பின் நீளம் 300 மைக்ரோ செகண்டுக்குக் குறையாமல் வைக்க முடிய வேண்டும். கரண்ட் ஓடும் வேலை நேரத்தையும் அது நிற்கும் ஓய்வு நேரத்தையும் தனித்தனியாக மாற்ற முடிய வேண்டும். கரண்ட் மில்லி ஆம்பியரில் 80 முதல் 100 வரை போக வேண்டும். "லெவல் 1 முதல் 20, எட்டு வகை மசாஜ்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதை வாங்காதீர்கள். தொடை போன்ற பெரிய தசையை முழுசாக இறுக்கும் திறன் அவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை.

வயிற்றில் கட்டிக்கொண்டால் தொப்பை கரையும் என்று விற்கும் பெல்ட்களும் இதே தொழில்நுட்பம்தான். எடை குறைக்கவென்று எந்தத் தசைத் தூண்டல் கருவிக்கும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி தரவில்லை. அந்தப் பணத்தை நல்ல பேட் வாங்கச் செலவிடுங்கள்.

பேட் பெரிதாக, 5 செ.மீ. அகலமும் 9 அல்லது 10 செ.மீ. நீளமும் இருக்கட்டும். மெஷினோடு வரும் சின்னச் சதுரப் பேட்கள் தொடைக்குப் போதாது. அதே கரண்ட் குறைந்த பரப்பில் இறங்கும்போது தோல் எரியும். எரிச்சல் வந்தால் நீங்கள் கரண்டை ஏற்ற மாட்டீர்கள். ஏற்றாவிட்டால் இறுக்கம் வராது. "எனக்குக் கரண்ட் தாங்கவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்குப் பேட்டை மாற்றினாலே பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

3. தோலைத் தயார் செய்யுங்கள்

தொடையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். நம் வீடுகளில் ஆபரேஷன் ஆன காலுக்குத் தேங்காய் எண்ணெயோ வலித் தைலமோ தடவாமல் இருக்க மாட்டார்கள். எண்ணெய் இருந்தால் பேட் ஓரமாகப் பெயர்ந்து, ஒட்டியிருக்கும் கொஞ்ச இடத்தில் மட்டும் கரண்ட் குவிந்து குத்தும். தைலம் தடவிய தோல் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும். அதன் மேல் கரண்ட் வைத்தால் கொப்புளம் வரலாம். தடவுவதை எல்லாம் கரண்ட் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், தைலத்தைச் சில மணி நேரம் கழித்தே.

முடி அடர்த்தியாக இருந்தால் கத்தரியால் ஒட்ட வெட்டுங்கள். பிளேடு போட்டு மழித்த உடனே பேட் ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கரண்ட் ஊசியாய் இறங்கும்.

4. காலை அசையாமல் கட்டுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் படி இது. கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கரண்ட் வைப்பது சுலபமாகத் தோன்றும். ஆனால் அந்த நிலையில் தொடைத் தசை ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கிறது. எதிர்த்து இழுக்க எதுவும் இல்லை. சட்டென்று பிடித்துக்கொண்டு சுளுக்குவது போன்ற வலிதான் வரும்.

சுவரை ஒட்டிப் போட்ட கனமான மர நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், இழுப்பில் வழுக்கும். பாதம் முட்டிக்கு நேர் கீழே இருந்தால் முட்டி 90 டிகிரி மடங்கியிருக்கிறது. அங்கிருந்து பாதத்தை ஒரு சாண் முன்னால் தள்ளுங்கள். ஏறக்குறைய 60 டிகிரி வந்துவிடும். வேண்டிய கோணம் இதுதான். தசையின் நார்கள் நல்ல நீளத்தில் இருப்பதால் விசை அதிகம் கிடைக்கும்.

இப்போது கணுக்காலுக்கு மேலே மடித்த துண்டைச் சுற்றி, அதன் மேல் அகலமான பெல்ட்டையோ பழைய துப்பட்டாவையோ போட்டு நாற்காலிக் காலோடு சேர்த்துக் கட்டுங்கள். காலை முன்னால் நீட்டப் பார்த்தால் கட்டு தடுக்க வேண்டும், கால் நகரவே கூடாது. கரண்ட் வரும்போது தசை இந்தக் கட்டை எதிர்த்து இழுக்கும். அந்த இழுப்புதான் பயிற்சி.

ஏ.சி.எல். (முட்டிக்குள் இருக்கும் முன் குறுக்கு லிகமென்ட்) ஆபரேஷன் ஆனவர்களுக்கு இது பாதுகாப்பும் கூட. கட்டாமல் விட்டால் கரண்ட் காலை உதைத்து நீட்டும். முட்டி முழுக்க நீள்வதற்குச் சற்று முந்தைய கோணங்களில் தொடைத் தசை பலமாக இழுத்தால், புதிதாக வைத்த லிகமென்டில் இழுவிசை விழும். 60 டிகிரியில் அசையாமல் இருக்கும்போது அந்த விசை மிகக் குறைவு. உங்கள் முட்டி அந்த அளவு மடங்க இன்னும் அனுமதி இல்லையென்றால், எந்தக் கோணத்தில் செய்யலாம் என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

5. பேட் ஒட்டும் இடம்

ஒரு சேனலின், அதாவது மெஷினிலிருந்து வரும் ஒரு ஜோடி ஒயரின், இரண்டு பேட்கள் போதும். மேல் பேட், இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு கையகலம் கீழே, தொடையின் முன்புறத்தில் சற்று வெளிப்பக்கமாக. கீழ் பேட், முட்டிச் சில்லுக்கு நான்கு விரல் மேலே, உள்பக்கமாகத் தசை புடைத்திருக்கும் இடத்தில். மூட்டு மாற்றியவர்களுக்கு ஆபரேஷன் தழும்பு பெரும்பாலும் நடுவில் ஓடும். பேட்டின் ஓரம் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெஷின் அணைந்திருக்கும்போதே ஒட்டுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் அழுத்தித் தேய்த்தால் காற்று நிற்காது.

இடம் சரியா என்பது குறைந்த கரண்டிலேயே தெரிந்துவிடும். தொடை உள்பக்கமாக இழுத்தால் கீழ் பேட்டை வெளியே நகர்த்துங்கள். இடுப்பு மடங்கப் பார்த்தால் மேல் பேட் உயரத்தில் இருக்கிறது, இறக்குங்கள். ஒவ்வொரு முறை நகர்த்தும் முன்னும் கரண்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டைப் பிய்த்தால் கடைசியாக ஒட்டியிருக்கும் நூலளவு ஓரத்தில் முழுக் கரண்டும் பாயும்.

நல்ல இடம் கிடைத்ததும் பேனாவால் நான்கு மூலையிலும் புள்ளி வைத்துவிடுங்கள். ஒரு விரல் அளவு தள்ளி ஒட்டினாலே அதே கரண்டில் இறுக்கம் குறைந்துவிடும். மறுநாள் தேடும் வேலை மிச்சம்.

6. மெஷினில் வைக்கும் அளவுகள்

துடிப்பு வேகம் 50 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 50 துடிப்பு. 20க்குக் கீழே தசை துள்ளிக்கொண்டே இருக்கும், ஒரே சீராக இறுகாது. சில மருத்துவமனைகளில் 75 வரை வைப்பார்கள். விசை சற்றுக் கூடும், களைப்பும் சீக்கிரம் வரும்.

துடிப்பின் நீளம் 300 முதல் 400 மைக்ரோ செகண்ட்.

ஏறும் நேரம் 2 செகண்ட். இது இல்லாவிட்டால் முழுக் கரண்டும் ஒரே அடியாக வந்து ஆளைத் தூக்கிப்போடும்.

வேலை 10 செகண்ட், ஓய்வு 50 செகண்ட். சில மெஷின்கள் ஏறும் நேரத்தையும் வேலை நேரத்துக்குள்ளேயே கணக்கு வைக்கும். உங்களுடையது அப்படியென்றால் வேலையை 12 ஆக்குங்கள்.

ஓய்வு ஏன் இவ்வளவு நீளம் என்று எல்லோரும் கேட்பார்கள், கேட்டுவிட்டு 20 ஆகக் குறைத்தும்விடுவார்கள். நாமாக ஒரு தசையை இறுக்கும்போது மூளை நார்களை மாற்றி மாற்றி வேலை வாங்குகிறது. ஒரு பகுதி ஓய்ந்திருக்க இன்னொன்று இழுக்கும். கரண்டுக்கு அந்த ஏற்பாடு தெரியாது. பேட்டுக்குக் கீழே இருக்கும் அதே நார்களை, ஒரே நேரத்தில், ஒவ்வொரு முறையும் தூண்டுகிறது. அவை வெகு சீக்கிரம் களைத்துவிடும். ஓய்வைக் குறைத்தால் ஐந்தாவது, ஆறாவது இறுக்கத்திலேயே இழுப்பு தளர்ந்துவிடுவதைக் கட்டைப் பிடித்துப் பார்த்தாலே உணரலாம். தளர்ந்த இறுக்கம் வலுவேற்றாது.

இந்த அளவில் 10 முதல் 15 இறுக்கம் ஒரு வேளைக்குப் போதும். மொத்தமே கால்மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

7. கரண்டை ஏற்றுவது

பலன் கிடைப்பதும் கிடைக்காததும் இங்கேதான் முடிவாகிறது.

இத்தனை மில்லி ஆம்பியர் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது. தோலுக்குக் கீழே கொழுப்பு அதிகமானால் நரம்பு வரை போய்ச் சேர அதிகக் கரண்ட் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு 40இல் வந்த இறுக்கம் உங்களுக்கு 70இல் வரலாம். எண்ணைப் பார்க்காதீர்கள், தொடையைப் பாருங்கள்.

ஏற ஏற நான்கு கட்டம் வரும். முதலில் தோலில் குறுகுறுப்பு. அடுத்து தசை லேசாக நடுங்கும். பிறகு தொடை கெட்டியாகும், கை வைத்தால் தெரியும். நான்காவதுதான் நீங்கள் தேடுவது: முட்டிச் சில்லு கண்ணுக்குத் தெரிய மேல்நோக்கி ஏறும், கணுக்கால் கட்டை இழுக்கும், கட்டு விண்ணென்று நிற்கும், பத்து செகண்டும் அந்த இழுப்பு தளராது. மருத்துவமனையில் விசை அளக்கும் கருவி இருந்தால், நல்ல காலின் முழுப் பலத்தில் பாதியாவது வர வேண்டும் என்று இலக்கு வைப்போம். வீட்டில் சில்லும் கட்டும்தான் அளவுகோல்.

ஏற்றும்போது ஒரு விதி: கரண்ட் ஓடும் பத்து செகண்டுக்குள் மட்டும் பொத்தானை அழுத்துங்கள். ஓய்வு நேரத்தில் எதுவும் தெரியாது. "ஒன்றும் வரவில்லையே" என்று அப்போது ஐந்தாறு தடவை தட்டிவிட்டால், அடுத்த இறுக்கத்தில் அத்தனையும் சேர்ந்து வந்து விழும். அன்று பயந்தவர்கள் பிறகு மெஷினைத் தொடவே மாட்டார்கள்.

ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் இரண்டு இறுக்கம் அதே அளவில் விடுங்கள். உடம்பு பழகிவிடும், குத்துவது மழுங்கும். மறுபடி சற்று ஏற்றுங்கள். கடைசி இறுக்கம் வரை இப்படியே போகலாம். சங்கடமாக இருக்கும், மறைக்கவில்லை. தசை பலமாகப் பிடித்துக்கொள்ளும் அந்த உணர்வு இயல்புதான். மூச்சைப் பிடிக்காமல் விட்டுக்கொண்டே இருங்கள். முட்டிக்குள் கூர்மையாக வலித்தாலோ தோல் சுட்டாலோ அது வேறு. உடனே பூஜ்யத்துக்கு இறக்கி, கோணத்தையும் பேட்டையும் சரிபாருங்கள்.

பொத்தான் நோயாளியின் கையில்தான் இருக்க வேண்டும். அன்போடு உதவ வரும் மகனோ மருமகளோ அழுத்தினால் அடுத்து என்ன வருமோ என்ற பதற்றத்திலேயே தொடை விறைத்துக்கொள்ளும். தானே ஏற்றுபவர்கள் அதிகம் ஏற்றுகிறார்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் மட்டும் நான்காவது கட்டம் வரை ஏற்ற வேண்டாம். அப்போது ஐந்தாறு இறுக்கம், மூன்றாவது கட்டம் வரை போதும். பழகாத தசையைக் கரண்டால் முதல் நாளே உச்சத்துக்கு ஏற்றினால் நார்கள் அளவுக்கு மீறிச் சிதையலாம். உடம்பு முழுக்க மாட்டும் இ.எம்.எஸ். உடைகளில் முதல் நாளே வேகமெடுத்தவர்களுக்குத் தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. தொடை மட்டும் என்றால் அபாயம் குறைவு. ஆனாலும் தாங்க முடியாத தசை வலியோடு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

8. கூடவே நீங்களும் இறுக்குங்கள்

கரண்ட் ஏறத் தொடங்கியதும் நீங்களும் காலை நீட்ட முயலுங்கள், முழு மனதோடு. கரண்ட் அடைந்துவிட்ட நார்களோடு அது எட்டாதவையும் சேரும். மூளைக்கும் அந்தத் தசைக்கும் இடையே விட்டுப்போன தொடர்பு திரும்புவது இப்படித்தான். போனைப் பார்த்துக்கொண்டே செய்பவர்களுக்கு இந்தப் பாதி பலன் போய்விடுகிறது. வீக்கம் அதிகமாக இருக்கும் நாட்களில் முன்னதாக ஐஸ் வைத்துவிட்டு, தோல் உணர்வு இயல்புக்குத் திரும்பியதும் தொடங்கினால் உங்கள் பங்கும் கூடும்.

9. முடிந்ததும்

பூஜ்யம், பிறகு ஆஃப், பிறகு பேட். ஒயரைப் பிடித்து இழுக்காமல் ஓரத்தைப் பிடித்து உரியுங்கள்.

பேட் இருந்த இடம் சிவந்திருக்கும். சில மணி நேரத்தில் போய்விட வேண்டும். மறுநாளும் இருந்தால் தோல் ஆறும்வரை நிறுத்துங்கள்.

பேட்டை அதன் பிளாஸ்டிக் தாளிலேயே ஒட்டி, மூடிய கவரில் நிழலான இடத்தில் வையுங்கள். காய்ந்துவிட்டால் இரண்டு சொட்டுத் தண்ணீர் தடவலாம். அப்படியும் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் மாற்றிவிடுங்கள். பிளாஸ்திரி போட்டு ஒட்டி ஓட்டாதீர்கள். ஒரு ஜோடியை இரண்டு பேர் பகிரவும் வேண்டாம்.

10. எத்தனை நாள், எப்படி அளப்பது

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்த 2ஆம் நாளே தொடங்கி, நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு 15 இறுக்கம், 6 வாரம் என்ற முறை ஆய்வில் சோதிக்கப்பட்டு, வழக்கமான பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட நல்ல வலு தந்திருக்கிறது. ஏ.சி.எல். ஆபரேஷனுக்குப் பின் வாரம் மூன்று நாள் என்பது பரவலான வழக்கம். நான்காவது கட்டத்தில் பலமாகச் செய்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும் என்பது என் கருத்து. மறுநாள் தொடை வலித்துக்கொண்டிருக்கும்போது செய்யும் இறுக்கம் அரைகுறையாகத்தான் வரும்.

வாரம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்காமல் காலைத் தூக்குங்கள். குதிகால் எழும்பும் முன் முட்டி தொய்ந்து மடங்குகிறதா என்று பக்கத்திலிருந்து ஒருவர் பார்க்கட்டும். முதலில் சரியாவது இந்தத் தொய்வுதான். அடுத்து, டாக்டர் அனுமதித்த பின், கையூன்றாமல் 30 செகண்டில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள்.

டேப் வைத்துத் தொடைச் சுற்றளவை அளக்க எல்லோருக்கும் ஆசை. சில்லின் மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலே அளக்கலாம். ஆனால் தொடக்கத்தில் வீக்கம் வற்றுவதால் அளவு குறைந்துகூடப் போகும். மனம் தளர வேண்டாம். முதல் வாரங்களில் கூடுவது தசையைக் கூப்பிடும் திறன். பருமன் வர அதற்கும் மேல் சில வாரங்கள் ஆகும்.

11. நிறுத்தும் நேரம்

தொய்வில்லாமல் கால் தூக்க முடிகிறது, கரண்ட் இல்லாமலே அதே அளவுக்குச் சில்லு மேலே ஏறுகிறது, ஃபிசியோ கருவியில் அளக்கும்போது நல்ல காலின் பலத்தில் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்றால் மெஷினை ஓரமாக வைத்துவிடலாம். அதற்கு மேல் அது தருவதைவிடப் படியேற்றம், பாதி உட்கார்ந்து எழுவது, எடை வைத்துக் கால் நீட்டுவது ஆகியவை அதிகம் தரும். மாடிப்படியில் இறங்கும்போது எந்த நொடியில் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை நாற்காலியில் கட்டிய கால் கற்றுக்கொள்ளாது.

மாறாக, நான்காவது கட்டத்தில் முறையாகச் செய்தும் ஆறு வாரத்தில் தொய்வு அப்படியே இருந்தால், கரண்டைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். மூட்டில் நீர் தேங்கி நிற்கிறதா, தொடை நரம்பில் பாதிப்பு உண்டா என்று டாக்டர் பார்க்க வேண்டிய கட்டம் அது. எழுதி வைத்த வாராந்தர அளவுகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.